மெலங்கெல்லின் ஆட்டுக்குட்டிகள்

அன்புள்ள ஐயா,

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை வேல்ஸில் உள்ள பென்னன்ட் மெலங்கெல் தேவாலயத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். இருபது நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டேன். நான் படம் எடுத்து முடிக்கும்வரை அம்மா வெளியே பழைய யூ மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மெலங்கெல் என்ற புனிதப் பெண் ஒரு முயலைக் காப்பாற்றினாள், 604-இல் நடந்தது என்கிறார்கள்; அந்தக் கதை எழுத்தில் வருவது பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். உள்ளே வைத்திருக்கும் 'அரக்கியின் விலா எலும்பு' திமிங்கிலத்தினுடையதாம். "இது என்ன சாமி?" என்று அம்மா கேட்டபோது, கட்டுக்கதை என்று சொல்ல வாய் வரவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும்? சிபியின் கதையோடு ஒப்பிடலாமா?

லிவர்பூலிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில நாட்களாக முயல்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். சரியாக உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

சிபியை விட்டுவிடுங்கள். கண்ணில் படுவதையெல்லாம் நம் வீட்டுப் படியால் அளப்பது, அதைப் பார்க்காமல் தப்பிக்க ஒரு வழி. எலும்பு திமிங்கிலத்தினுடையதாகவே இருக்கட்டும், கடலிலிருந்து அவ்வளவு தொலைவுக்கு அதைத் தூக்கி வந்திருக்கிறார்களே! ஆனால் இருபது நிமிடம் என்று எழுதினீர்களே, அதுதான் எரிச்சலூட்டியது. தேவாலயத்துக்குள் இருக்கும் பதினைந்தாம் நூற்றாண்டு ஓக் மரத் தடுப்பில் செதுக்கிய இலைக்கொடிகளுக்கு நடுவே அந்தக் கதை முழுவதும் இருக்கிறது. அதன் முன்னால் எத்தனை நொடி நின்றீர்கள்?

தந்தை பேசிய கல்யாணத்துக்கு இசையாமல் அயர்லாந்திலிருந்து ஓடிவந்த பெண் மெலங்கெல். வேல்ஸில் அன்றிருந்த பொவிஸ் நாட்டு மன்னன் புரோக்வெல்லின் நாய்கள் துரத்திய முயல், முட்புதருக்குள் ஜெபித்துக்கொண்டிருந்த அவள் ஆடையின் கீழே ஒடுங்கியது. மன்னன் ஏவ ஏவ நாய்கள் ஊளையிட்டுப் பின்வாங்கின. ஊத எடுத்த கொம்பு வேட்டைக்காரனின் உதட்டிலேயே ஒட்டிக்கொண்டது. அந்தப் பள்ளத்தாக்கை அடைக்கல நிலமாக அவளுக்கே கொடுத்துவிட்டான் மன்னன்.

நடந்ததா என்று கேட்கிறீர்கள். அதைச் சொல்ல வரலாற்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. அந்த ஊரார் முயல்களை 'ஊயின் மெலங்கெல்' என்றார்கள். மெலங்கெல்லின் ஆட்டுக்குட்டிகள் என்று பொருள். தலைமுறை தலைமுறையாக அங்கே முயலைக் கொன்றதில்லை. துரத்தப்படும் முயலைப் பார்த்து "கடவுளும் மெலங்கெல்லும் உன்னோடு இருக்கட்டும்" என்று கூவினால் அது தப்பிவிடும் என்றும் நம்பினார்கள்.

ஏன் ஆட்டுக்குட்டி? சாதுவான பிராணி என்பதாலா? ஆடு வளர்ப்பவனிடம் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பான். அந்த மலைகளில் ஆட்டுக்குட்டி என்றால் கறி, கம்பளி, காசு. பல வருடங்களுக்கு முன் பக்கத்துக் கிராமமான லங்கினோக்கிலிருந்து தேவாலயத்துக்கு அந்த ஒற்றையடிச் சாலையில் போனபோது, மழையில் ஒரு மந்தை எங்கள் காரை மறித்தது. முதுகிலெல்லாம் நீலச் சாயம். ஒன்றில் மட்டும் சிவப்பு. கிழவர் ஒருவர் அதை மட்டும் கால்களுக்கிடையில் இடுக்கி, வாயிற்கதவுக்கு அந்தப் பக்கம் விட்டார். "என்னுடையதல்ல" என்றார். விளக்கம் அவ்வளவுதான்.

அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. இப்போது தோன்றுகிறது: ஆட்டுக்குட்டி என்றால் உடையவர் உள்ள உயிர். காட்டு முயலுக்கு யார் சாயம் பூசுவது? கண்டவன் அடிக்கலாம், தின்னலாம். அந்தப் பெயர்தான் அதன் முதுகில் பூசிய சாயம். இரக்கத்தை நம்பி விட்டிருந்தால் ஒரு பஞ்சத்தைக்கூட அந்த முயல்கள் தாண்டியிருக்காது. அடுத்தவர் ஆட்டைத் தொடக்கூடாது என்பது மேய்ப்பர்களின் ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். கதை அந்த அறிவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. எழுத்தில் எப்போது வந்தது என்று நீங்கள் தேடுகிறீர்கள், அது ஒரு பெயருக்குள் இருந்திருக்கிறது.

அவளுடைய பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்லறை மாடத்தையும் பதினாறாம் நூற்றாண்டுப் புராட்டஸ்டண்ட் சமயச் சீர்திருத்தக் காலத்தில் பிரித்துப் போட்டார்கள். கற்கள் எங்கும் போகவில்லை. கோயில் சுவரிலும் வாயில் மண்டபத்திலும் வைத்துக் கட்டப்பட்டுக் கிடந்தன. 1958-இல் அவற்றை எடுத்து மறுபடி அடுக்கினார்கள். நீங்கள் படம் எடுத்தது அதைத்தான்.

அம்மாவுக்குப் பதில் சொல்வது இருக்கட்டும். இன்றிரவு அவரைக் கூப்பிட்டு, நீங்கள் உள்ளே படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அந்த மரத்தடியிலிருந்து அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேளுங்கள். எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.