டொக்டர் கனவும் சிவப்புப் பாஸ்போட்டும்

சுவிஸின் லுட்சேர்னில் இருந்து ஒரு தந்தை போன் எடுத்தார். உணவகத்தில் சமையல் வேலை முடிந்து, இரவு பதினொரு மணி. மகளுக்கு 15 வயது. “டொக்டராக்கலாம் எண்டு இருந்தன். பொலிசாத்தான் போவன் எண்டு நிக்கிறாள். லண்டன் அக்கா சிரிக்கிறா” என்றார். கொஞ்ச நேரம் ஆறுதல் சொன்னேன். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

அண்ணா, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் கிம்னாசியப் பள்ளிக்கான டியூஷனுக்கென்று கடன் வாங்காதீர்கள். அக்காவின் ஆசைக்கு உங்கள் மகள் பரீட்சை எழுத முடியாது. அவளுக்கு இப்போது தேவை குடியுரிமை. “நிரந்தரமாக இருக்க விடுற சீ பெர்மிட் காணும்தானே” என்கிறீர்கள். காணாது. பாசல் நகர மாநிலம் சீ பெர்மிட்காரரைப் பொலிசில் எடுக்கிறது; பெரும்பாலான மாநிலங்களில் சுவிஸ் பாஸ்போட் இல்லாமல் பொலிஸ் வேலை இல்லை.

பொலிசை விடுங்கள். இங்கே வேலைக்குப் போடும் சுயவிபரத்தில் பெயருக்குக் கீழே ‘எந்த நாட்டவர்’ என்று ஒரு வரி வரும். அந்த வரிக்கு ஒரு விலை உண்டு. முன்பு சில ஊர்களில் யாருக்குக் குடியுரிமை என்பதை ஊர்மக்களே வாக்குப் போட்டு முடிவு செய்தார்கள். உங்களுக்குப் பக்கத்து எம்மனில் 2000இல் விண்ணப்பித்த 56 பேரில் எட்டுப் பேருக்குத்தான் கிடைத்தது. 2003இல் நீதிமன்றம் அந்த முறையை நிறுத்தியது. இப்படியான ஊர்களில் மயிரிழையில் வென்றவர்களையும் தோற்றவர்களையும் ஆய்வாளர்கள் பின்னாளில் ஒப்பிட்டார்கள். வென்றவர்கள் அடுத்த 15 ஆண்டுகளில் வருடத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 5000 டொலர் கூட உழைத்திருந்தார்கள். அதிகம் ஒதுக்கப்பட்ட குழுக்களுக்குத்தான் பெரிய பலன்.

மகள் ஒன்பது வயதில் வந்தவள், சீ பெர்மிட்டும் இருக்கிறது. 8 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் இங்கே வாழ்ந்த ஒவ்வொரு வருடமும் இரண்டாகக் கணக்கு. ஆறு வருடம் பன்னிரண்டாகிவிட்டது. சட்டம் கேட்பது பத்து. ஐந்து வருடத்துக்கு மேல் இங்கே பள்ளிக்கூடம் போனதால் மொழிச் சான்றிதழும் வேண்டாம். அவளோடு வந்த அம்மா காத்திருக்க வேண்டும், மகள் தனியாகவே விண்ணப்பம் போடலாம். நீங்கள் கையெழுத்து வையுங்கள். 16 ஆகிவிட்டால் அவளும் வைக்க வேண்டும். கெமைண்ட என்ற ஊராட்சி, மாநிலம், கூட்டரசு மூன்றும் கட்டணம் கேட்கும். அந்தக் காசை டியூஷனுக்குத் திருப்பாதீர்கள். விண்ணப்பம் போடுமுன் வேறு மாநிலத்துக்கு வீடு மாறவும் வேண்டாம், அங்கே வசித்த காலம் புதிதாக எண்ணப்படும்.

விண்ணப்பம் நகரும் காலத்தில் அவள் சம்பளத்தோடு மூன்று வருட லேர, அதாவது தொழிற்பயிற்சி, செய்யட்டும். எந்தத் தொழில் என்று அவளே சொல்லட்டும். பிறகு பொலிஸ் பயிற்சி இரண்டு வருடம், அதற்கும் சம்பளம் உண்டு. பள்ளி உங்கள் மாநிலத்து ஹிட்ஸ்கிர்ஹில்தான்.

திங்கள் லீவு என்றீர்கள். மகளையும் கூட்டிக்கொண்டு கெமைண்டக் கந்தோருக்குப் போய் விண்ணப்பத்தைக் கேளுங்கள். லண்டனுக்கு நான் போன் எடுக்கிறேன்.