ஒழுகுற கூரைக்கு எந்த ஆபீஸ்? அரசுப் பள்ளி கேள்வி பதில்

பதில் சொல்பவர், ஈரோடு மாவட்டத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியராகச் சேர்ந்து வட்டாரக் கல்வி அலுவலராக ஓய்வு பெற்றவர். அரசுப் பள்ளிகளை எப்படிச் சரிசெய்வது என்று யாரும் கேட்கலாம். தனியார் பள்ளிக் கட்டணத்தைப் பற்றிக் கேட்டால் பதில் வராது என்று முன்பே சொல்லிவிட்டார்.

அம்மாபேட்டையிலிருந்து: ஐயா, எங்க ஊர் ஒன்றியத் தொடக்கப்பள்ளிக் கூரை ஒழுகுதுங்க. ஹெச்.எம். நிதி இல்லைங்கறாங்க. கல்வி ஆபீஸ்ல அது எங்க வேலை இல்லைங்கறாங்க. யாரைத்தான் கேக்கறது?

இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். பள்ளியின் பெயர்ப் பலகையைப் பாருங்கள், ‘ஊராட்சி ஒன்றிய’ என்று இருக்கும். 1981 வரை அந்தப் பள்ளியும் அதன் ஆசிரியர்களும் ஒன்றியத்தின் கையில் இருந்தார்கள். அந்த ஆண்டு ஜூனில் எம்.ஜி.ஆர். ஆட்சி ஆசிரியர்களை மட்டும் அரசு ஊழியர்களாக்கி எடுத்துக்கொண்டது. கட்டடம் ஒன்றியத்திடமே தங்கிவிட்டது. அதனால் வாத்தியார் வரவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். சுவர், கூரை, காம்பவுண்டு என்றால் ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். தண்ணீர்த் தொட்டியும் துப்புரவும் ஊராட்சி. மதியச் சத்துணவு சமூகநலத் துறை. ஒரே காம்பவுண்டுக்குள் நாலு துறை. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் கணக்கு வேறு, அங்கே பொதுப்பணித் துறை வரும்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழைய கட்டடங்களைச் சோதித்து, மோசமானவற்றை இடித்தார்கள். ஆகவே மனுவில் ‘ஒழுகுகிறது’ என்று மட்டும் எழுதாதீர்கள். விரிசல், பெயர்ந்து விழும் காரை, உளுத்த மரச்சட்டம் எதுவானாலும் அதைக் குறிப்பிட்டு, ‘பிள்ளைகள் உட்காரப் பாதுகாப்பற்றது, பொறியாளர் வந்து பார்க்க வேண்டும்’ என்று எழுதுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, நகலை மனுவோடு இணைத்து பி.டி.ஓ. ஆபீஸில் கொடுங்கள். இன்னொரு நகல் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு. கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். வாயால் சொன்ன புகாரை எந்த ஆபீஸும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது.

காங்கயத்திலிருந்து: பையன் தனியார்ல பத்தாவது முடிச்சுட்டான். பதினொண்ணாவது கவர்மெண்ட் ஸ்கூல்ல போட்டா காலேஜ் சீட்ல அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குங்களா?

கிடைக்காது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது, அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் எல்லாவற்றுக்கும் விரிந்தது. விதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அரசு உதவிபெறும் பள்ளிக்கும் இது பொருந்தாது. பலர் உதவிபெறும் பள்ளியை அரசுப் பள்ளி என்று நம்பிச் சேர்த்துவிட்டு, கவுன்சிலிங் சமயத்தில் வந்து நிற்பார்கள். கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் வரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மட்டும் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் இடம் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

திருப்பூரிலிருந்து: சின்னதா பவர் டேபிள் யூனிட், துணி தைக்கற யூனிட் வெச்சிருக்கேன் சார். ஒடிசாக்காரர் குடும்பம் ஒண்ணு வேலைக்கு வந்திருக்கு. ஒன்பது வயசுப் பொண்ணு, டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை, தமிழும் தெரியாது. ஸ்கூல்ல எப்படிச் சேர்க்கறது?

கேட்டீர்களே, முதலில் அதற்கு நன்றி தம்பி. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. டி.சி. வரத் தாமதம் என்றாலும் சேர்க்க வேண்டும். ஒன்பது வயது என்றால் வயதுக்கேற்ற வகுப்பில், அதாவது நாலாவதில் உட்கார வைத்து, விட்டுப்போனதைத் தனிப் பயிற்சியாகச் சொல்லித்தர வேண்டும். ‘ஒண்ணாவதுல போட்டுக்கலாம்’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒன்பது வயதுப் பெண்ணை ஆறு வயதுக் குழந்தைகளோடு உட்கார வைத்தால் வெட்கப்பட்டே நின்றுவிடும். பள்ளியில் இழுத்தடித்தால் வட்டார வள மையத்துக்குப் போங்கள், பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுத்துச் சேர்ப்பது அவர்கள் வேலை. 14417-க்கும் கூப்பிடலாம்.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். தெருவில் விளையாடும் பிள்ளை சீக்கிரம் தமிழ் பேசிவிடும். எழுத்துதான் மெதுவாக வரும். அப்புறம் இன்னொன்று, அந்தப் பெண்ணை யூனிட்டில் பிசிர் வெட்ட உட்கார வைத்திருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது.

தாளவாடியிலிருந்து: மலையில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியர் பற்றாக்குறை. கல்வித் துறை ஏன் கண்டுகொள்வதில்லை?

அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் கல்வித் துறையின் கீழ் இல்லை, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையின் கீழ் இருக்கின்றன. மனுவை அங்கே கொடுங்கள், ஒப்புகையோடு.

ஈரோட்டிலிருந்து: எங்க ஏரியாவில் எந்த அரசுப் பள்ளி நல்ல பள்ளி?

வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது.

பெருந்துறையிலிருந்து: அரசுப் பள்ளி வாத்தியார்களே தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அரசுச் சம்பளம் வாங்குகிற எல்லோர் பிள்ளைகளும் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று சட்டம் போட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடாதா?

இது நம் மாவட்டத்துக்குப் பழகின வாதம். 2011-இல் ஈரோடு ஆட்சியராக இருந்த ஆர். ஆனந்தகுமார் தன் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தார். நாடு முழுக்கச் செய்தியானது. நல்ல காரியம், மரியாதைக்குரியது. அதைச் சட்டமாக்க வேண்டும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரப் பிரதேசத்தில் நீங்கள் சொல்வதையே உத்தரவாகப் போட்டது. அங்கே அது நடைமுறைக்கு வரவே இல்லை. உத்தரவை அமல்படுத்த வேண்டிய அதிகாரிகளின் பிள்ளைகளைப் பற்றிய உத்தரவு அது.

வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? கலெக்டர் பிள்ளை படிக்கிற பள்ளியில் குழாயில் தண்ணீர் வரும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகள் 37 ஆயிரத்துக்கும் மேல். அத்தனை கலெக்டருக்கு எங்கே போவது? அதிகாரிகள் எல்லோரும் நகரத்தில் நல்ல பெயர் எடுத்த நாலு பள்ளியில் இடம் பிடிப்பார்கள். அந்தியூர் மலையோரப் பள்ளிக்கு ஒரு செங்கல்கூட அதிகமாகப் போகாது.

குறுக்கே ஓர் ஆசிரியை, கோபியிலிருந்து: நான் வேலை பார்க்கும் பள்ளி வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர். பிள்ளையை இரண்டு பஸ் மாற்றிக் கூட்டிக்கொண்டு போக முடியுமா? என் வேலையை என் வகுப்புப் பிள்ளைகள் படிப்பதை வைத்து எடை போடுங்கள், என் வீட்டுப் பிள்ளையை வைத்துப் போடாதீர்கள்.

நியாயம்தான் அம்மணி. ஆனால் உங்கள் வீட்டுத் தெருவிலும் ஓர் அரசுப் பள்ளி இருக்குமே? அதில் சேர்க்காததற்கு முப்பது கிலோமீட்டர் காரணமாகாது. சட்டம் வேண்டாம் என்கிறேன், கேள்வியே கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை.

மறுபடியும் பெருந்துறை: அப்படிக் கேளுங்கய்யா! சமையல்காரரே சாப்பிடாத ஓட்டல்ல நாங்க எப்படிச் சாப்பிடறது?

மறுபடியும் ஆசிரியை: தேர்தல் வேலை, கணக்கெடுப்பு, மாணவர் விவரங்களை ஆன்லைனில் ஏற்றும் எமிஸ் பதிவு என்று பாதி நாள் வகுப்புக்கு வெளியே நிற்கிறோம். அதைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை.

நம்பியூர் விவசாயி ஒருவர்: நான் ஒண்ணு சொல்றேனுங்க. எங்க சாளையில இருந்து ஒன்றியப் பள்ளிக்கூடம் ஒன்றரை மைல். தனியார் பள்ளி வேன் தோட்டத்து வாசல்ல வந்து நிக்குது. நானும் பொண்டாட்டியும் விடியக்காலம் பால் கறக்கணும், மாடு கட்டணும். எந்த வாத்தியார் பிள்ளை எங்க படிச்சா எனக்கென்னங்க?

இத்தனை நேரம் நாம் பேசியதில் இதுதான் விஷயம். நம் பக்கம் ஊர் ஒரே இடத்தில் கூடி இருக்காது, ஜனம் தோட்டம் தோட்டமாகப் பிரிந்து கிடக்கும். பள்ளிக்கூடம் ஊருக்கு நடுவில், பிள்ளை சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில். இங்கிலீஷ் மீடியம் மோகம், கவர்மெண்ட் வாத்தியார் சரியில்லை என்றெல்லாம் பேசுகிறோம். நான் வீடு வீடாகச் சேர்க்கைக்குப் போனபோது, கடைசியில் ‘வேன் வருமா சார்?’ என்றுதான் முடிப்பார்கள். கொங்குப் பக்கத்து ஒன்றியப் பள்ளிகளைக் காலி செய்ததில் பெரும் பங்கு மஞ்சள் வேனுக்கு.

இதற்கும் விதி இருக்கிறது. ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு கிலோமீட்டருக்குள், ஆறிலிருந்து எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். அதைத் தாண்டிய குடியிருப்பு என்றால் பிள்ளைகளுக்கு வாகன வசதியும் வழித்துணையும் கேட்கலாம். மலைக் கிராமங்களுக்கு இப்படி வண்டி ஓடுகிறது. சமவெளியில் நம் ஆட்கள் கேட்பதே இல்லை. நாலைந்து சாளைகள் சேர்ந்து, தூரத்தை அளந்து, பிள்ளைகள் பெயரோடு மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு வட்டார வள மையத்துக்குக் கொடுங்கள். ஒப்புகை.

பெருந்துறைக்காரரும் கோபி டீச்சரும் மேற்கொண்டு தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

தாராபுரத்திலிருந்து: பொண்ணு பத்தாவது வரைக்கும் தனியார். இப்ப மாத்தினா 7.5...

மேலே காங்கயத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ராசிபுரத்திலிருந்து: எங்க நாமக்கல் பக்கத்து ரெசிடென்ஷியல் பள்ளிகள் மாதிரி அரசுப் பள்ளிகளையும் நடத்தினால் ரிசல்ட் வராதா?

மார்க் வரும். அந்தப் பள்ளிகள் எப்படி மார்க் வாங்கின என்பது உங்களுக்கே தெரியும். பதினொண்ணாவதிலேயே பன்னிரண்டாவது பாடத்தைத் தொடங்கி, இரண்டு வருடம் அதையே திரும்பத் திரும்ப எழுத வைத்தார்கள். கோழிப்பண்ணை ஊரில் ‘பிராய்லர் பள்ளி’ என்று பெயர் வந்தது சும்மா இல்லை. அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பதினொண்ணாவதுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26-இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது சரி, பதினொண்ணாவது பாடம் மறுபடி மூலைக்குப் போய்விடும் என்பது என் பயம். இதை மாதிரியாக எடுத்தால் அரசுப் பள்ளி முதலில் கைவிடுவது மெதுவாகப் படிக்கும் பிள்ளையை. அந்தப் பிள்ளைக்கு அரசுப் பள்ளியை விட்டால் வேறு இடம் கிடையாது.

அவிநாசியிலிருந்து: அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் நல்லா இருக்குமா?

2012-இல் தொடங்கிப் பரவிய பிரிவுகள் அவை. பல இடங்களில் தனி ஆசிரியர் கிடையாது, ஒரே டீச்சர் இரண்டு மீடியத்தையும் ஒரே அறையில் நடத்துவார். சேர்க்கும் முன் போய்ப் பாருங்கள். தமிழ்வழியில் படித்தால் அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு, 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளியிலிருந்தே தமிழ்வழி என்று காட்ட வேண்டும். மீடியம் மாற்றும் முன் இதையும் யோசியுங்கள்.

சென்னிமலையிலிருந்து: எங்க பள்ளியில் பிள்ளைகள் 17, வாத்தியார் ஒருத்தர்தான். மூடிவிடுவார்களோ?

60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டம், 17 பேருக்கும் அதுதான். இரண்டாவது பணியிடம் காலியா, அவரை மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்களா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். அப்புறம் ஆகஸ்ட் 1 என்ற தேதியை ஊரில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். அன்றைய எண்ணிக்கையை வைத்துத்தான் எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர், யார் உபரி என்று முடிவாகும். ‘ஆடி போகட்டும், ஆவணியில் சேர்க்கலாம்’ என்று நம் ஜனம் நல்ல நாள் பார்ப்பார்கள். ஆவணி பிறப்பதற்குள் கணக்கு முடிந்திருக்கும்.

பல்லடத்திலிருந்து: கோவிச்சுக்காதீங்க சார், 7.5 பத்தித்தான். பொண்ணு எட்டாவது வரை தனியார், ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளி.

மேலே சொன்ன ஆறு முதல் பன்னிரண்டு விதிக்கு ஒரு விலக்கு உண்டு. எட்டாவது வரை கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்தில் படித்தாளா? ஆம் என்றால் உண்டு. காசு கட்டிப் படித்திருந்தால் இல்லை. உண்டு என்றால் அந்தச் சான்றைப் பழைய பள்ளியில் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள், பன்னிரண்டாவது முடிகிற வரை காத்திருக்க வேண்டாம்.