பெயர் ஓடும்போது எழுந்திருக்காதீர்கள்

கேள்வி: எதைப் போட்டாலும் வெட்டு, குத்து, ரத்தம். மனதுக்கு இதமான, அந்தக் காலத்து ஜப்பானிய அனிமே படங்கள் பத்து சொல்லுங்கள். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுக்கொண்டே சும்மா பார்க்க வேண்டும். மாமியாரும் கூட உட்காருவார். அவருக்கும் பிடித்த மாதிரி இருந்தால் நல்லது.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பத்து தரமாட்டேன். மூன்று தருகிறேன், கூடவே மாமியாருக்காக ஒன்று. அதற்கு முன்னால் அந்தச் 'சும்மா'வைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

தட்டில் ஒரு கண், கைபேசியில் ஒரு கண், மிச்சம் இருந்தால் திரையில். இப்படிப் பார்ப்பவர்களுக்கென்றே இப்போது படங்கள் வருகின்றன. செய்கிற காரியத்தையெல்லாம் பாத்திரங்கள் வாயாலும் சொல்லிக்கொண்டே போவார்கள், பார்க்காமலே கதை புரிந்துவிடும். நீங்கள் கேட்கிற படங்கள் அந்த ரகம் இல்லை. அவற்றில் பல இடங்களில் படம்தான் சும்மா இருக்கும். பார்க்கிற வேலை நம்முடையது.

முதலாவது, இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ'. 1988-ல் வந்தது. டோட்டோரோ என்பது அதில் வருகிற காட்டுப் பூதம். அதில் பேருந்து நிறுத்தத்தில் ஒரு காட்சி. மழை. குடை எடுத்துப்போகாத அப்பாவுக்காக மூத்தவள் சத்சுகி குடையோடு நிற்கிறாள். தங்கை மேய் தூங்கி வழிந்து அவள் முதுகில் ஏறிக்கொள்கிறாள். ஒரு பேருந்து வருகிறது, அப்பா இல்லை, போய்விடுகிறது. இருட்டுகிறது. விளக்கு எரிகிறது. ஒரு தேரை நகர்ந்து போகிறது. இன்றைக்கு இதை ஒரு தயாரிப்பாளரிடம் காட்டினால் பாதிக்குமேல் வெட்டச் சொல்வார். அப்போதுதான் குடைக்குக் கீழே சத்சுகியின் கண்ணில் ஒரு பெரிய நகமுள்ள பாதம் படுகிறது. தலையில் ஒரு இலையை வைத்துக்கொண்டு டோட்டோரோ பக்கத்தில் நிற்கிறது. அப்பாவுக்குக் கொண்டுவந்த குடையை அதற்குக் கொடுக்கிறாள். மரத்திலிருந்து ஒரு சொட்டு குடைமேல் விழுகிறது. அந்தச் சத்தத்தில் அதன் உடம்பு சிலிர்க்கிறது. இன்னும் சில சொட்டுகள். சந்தோஷம் தாங்காமல் எம்பி ஒரு குதி. மரத்தில் தங்கியிருந்த தண்ணீரெல்லாம் மொத்தமாகக் கொட்டுகிறது. அந்தச் சொட்டு விழும்போது நாம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் காட்சியில் நமக்கு ஒன்றுமே கிடைக்காது.

படம் முழுக்க இப்படித்தான். உருவங்களுக்குக் கறுப்புக் கோடு போடாமல் பழுப்புக் கோடு போட்டார்கள். அதனால்தான் பின்னணி ஓவியர் கசுவோ ஓகா வரைந்த மண்ணோடும் மரத்தோடும் அந்தப் பிள்ளைகள் அப்படி ஒட்டிப்போகிறார்கள். அந்தக் காட்சிகளுக்குப் பின்னால் இருக்கிற சயாமா குன்றுகளின் காட்டை விலைகொடுத்து வாங்கிக் காப்பாற்ற, 1990-ல் ஒரு நிதி தொடங்கி அதற்கு டோட்டோரோவின் பெயரையே வைத்தார்கள்.

இதம் என்றால் துன்பம் இல்லாத கதை என்று நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள். டோட்டோரோவில் அம்மா மருத்துவமனையில் படுத்திருக்கிறாள். மியாசாகியின் தாயே முதுகெலும்புக் காசநோயால் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அந்த வீட்டில் ஒரு நிமிடமும் விலகுவதில்லை. அந்தப் பயத்தோடேயே சத்சுகி விடியற்காலையில் எல்லோருக்கும் சாப்பாடு கட்டுகிறாள், மூன்று பேரும் சேர்ந்து துணி துவைக்கிறார்கள், வீட்டைத் துடைக்கிறார்கள். நமக்கு ஆறுதல் அந்த வேலைகளிலிருந்துதான் வருகிறது. வெட்டுக்குத்து இல்லாத படம் எவ்வளவோ இருக்கிறது. பார்த்து முடித்தபின் மனம் வெறுமையாகிவிடுகிற படங்களும் அவற்றில் உண்டு.

இரண்டாவது, 1989-ல் வந்த 'கிக்கிஸ் டெலிவரி சர்வீஸ்'. எய்கோ கடோனோவின் நாவலிலிருந்து எடுத்தது. பதின்மூன்று வயது சூனியக்காரச் சிறுமி வீட்டைவிட்டுக் கிளம்பி, தெரியாத ஊரில் ஒரு ரொட்டிக்கடை மாடியில் குடியேறுகிறாள். மாவுத் தூசி படிந்த அறையை முதலில் தேய்த்துக் கழுவுகிறாள். துடைப்பத்தில் பறந்து பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கிறாள். ஒருநாள் அந்தப் பறக்கும் சக்தி போய்விடுகிறது. காரணம் எதையும் படம் அழுத்திச் சொல்வதில்லை. வேலை அலுத்துப்போய், கைக்கு வந்த தொழில் கைவிட்ட மாதிரி என்றைக்காவது உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காரணம் தானாகப் புரியும்.

இந்தப் படத்தை எப்படிப் பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிக்கியோடு பேசிக்கொண்டிருந்த கறுப்புப் பூனை ஜிஜி ஒரு கட்டத்துக்குமேல் அவளோடு பேசுவதில்லை. ஜப்பானிய மூலத்தில் கடைசிவரை அது பேசாது. பெண் வளர்ந்துவிட்டாள், அவ்வளவுதான். 1998-ல் வந்த ஆங்கில டப்பிங்கில் முடிவில் பூனைக்கு ஒரு வசனத்தைச் செருகிப் பேசவைத்துவிட்டார்கள். அதே மியாசாகியின் 1986 படமான 'கேஸில் இன் தி ஸ்கை'க்கு ஆங்கில டப்பிங் செய்தபோது, அமைதியான இடங்களையெல்லாம் நிரப்ப அதன் இசையமைப்பாளர் ஜோ ஹிசாய்ஷியையே கூப்பிட்டு இசையைக் கூட்டி எழுதவைத்தார்கள். அமைதியைக் கண்டால் பயப்படுகிறவர்கள் இந்தப் படங்களைத் தொடவே கூடாது. ஜப்பானிய ஒலியோடு சப்டைட்டில் வைத்துப் பாருங்கள்.

இப்போது மூன்றாவது. நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது இதைத்தான்: இசாவோ தகஹாதா 1991-ல் இயக்கிய 'ஒன்லி யெஸ்டர்டே'. மந்திரம் இல்லை, பேய் இல்லை, பறக்கிற எதுவும் இல்லை. 1982-ஆம் ஆண்டு. தோக்கியோவில் அலுவலக வேலை பார்க்கும் இருபத்தேழு வயது தாயெகோ விடுமுறை எடுத்துக்கொண்டு யமகாதா மாகாணத்தின் ஒரு கிராமத்துக்குக் குசும்பப் பூ பறிக்கப் போகிறாள். போகிற வழியெல்லாம் 1966-ல் ஐந்தாம் வகுப்புப் படித்த அவளே அவளைத் தொடர்ந்து வருகிறாள்.

அந்த நினைவுகளில் ஒன்று, வீட்டில் ஒரு அன்னாசிப்பழம் வாங்கியது. அதுவரை டின்னில் அடைத்த அன்னாசிதான் அவர்களுக்குத் தெரியும். முழுப்பழத்தை எப்படி வெட்டுவது என்று ஒருவருக்கும் தெரியாமல், யாரும் தொடாமல் வைத்திருக்கிறார்கள். அக்கா எங்கேயோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தபிறகுதான் கத்தி எடுக்கிறார்கள். எல்லோர் முகத்திலும் எதிர்பார்ப்பு. முதல் கடியில் அது வற்றிப்போகிறது. இனிப்பில்லை, கடினமாக வேறு இருக்கிறது. வாழைப்பழமே மேல் என்று தீர்ப்பாகிறது. அக்காக்கள் தங்கள் துண்டுகளைச் சின்னவள் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். ஆசைப்பட்டுக் கேட்டவள் அவள்தானே, விட்டுக்கொடுக்காமல் மென்றுகொண்டே இருக்கிறாள். அந்தக் குடும்பம் பழம் தின்கிற காட்சியை இவ்வளவு நேரம் காட்ட தகஹாதாவுக்குத் துணிச்சல் இருந்தது. நம் எல்லோர் வீட்டிலும் ஆசையாக வாங்கி ஏமாந்த ஒரு பண்டம் இருக்கிறது.

பின்னக் கணக்கும் ஒன்று வருகிறது. மூன்றில் இரண்டை நான்கில் ஒன்றால் வகுக்க வேண்டும். தலைகீழாக்கிப் பெருக்கு என்கிறாள் அக்கா. தாயெகோ ஆப்பிள் படம் வரைந்து, வகுத்தால் எப்படி அதிகமாகும் என்று கேட்கிறாள். நியாயமான கேள்வி. சொல்லிக்கொடுக்க ஆளில்லை, மக்கு என்ற பெயர்தான் மிஞ்சுகிறது. கணக்கு வாத்தியார்கள் அத்தனை பேரும் பார்க்க வேண்டிய காட்சி இது.

கிராமத்தில் தோஷியோ என்ற இளைஞன் வருகிறான். காரில் ஹங்கேரிய நாட்டுப்புற இசைக் கேசட் போட்டுக்கொண்டு இயற்கை விவசாயம் பற்றிப் பேசுகிறவன். பெரியவர்கள் வருகிற பகுதிக்கு முதலில் நடிகர்களின் குரலைப் பதிவு செய்துகொண்டு, அதற்குப் பிறகுதான் முகங்களை வரைந்தார்கள். அதனால்தான் சிரிக்கும்போது கன்னத்தில் கோடு விழுகிறது. இந்தப் படம் வந்த ஆண்டு ஜப்பானில் மிக அதிகம் வசூலித்த ஜப்பானியப் படம் இதுதான். ஆனாலும் அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் போக 2016 ஆகிவிட்டது. பள்ளிச் சிறுமிகள் மாதவிடாயைப் பற்றிப் பேசிக்கொள்ளும் பகுதி இருக்கிறதே, அதைக் கண்டு அங்கே வெளியிட வேண்டியவர்கள் கூசினார்கள். உங்கள் வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் அந்தப் பகுதியைச் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.

இங்கேதான் என் பழைய சண்டை வருகிறது. படத்தின் முடிவில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் தியேட்டரில் விளக்கைப் போடுகிறவர்களோடும், கதவைத் திறந்துவிடுகிறவர்களோடும், டிவியில் பெயர்களை வெட்டிவிட்டு விளம்பரத்துக்குப் போகிறவர்களோடும் இந்தப் பக்கத்தில் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். இப்போது ஓடிடி வந்து திரையைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, அடுத்த படம் ஐந்து நொடியில் என்று எண்ண ஆரம்பிக்கிறது. 'ஒன்லி யெஸ்டர்டே'யில் தாயெகோ விடைபெற்று ரயிலில் தோக்கியோவுக்குக் கிளம்புகிறாள். பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன. கதை அங்கே முடியவில்லை. பெயர்களுக்கு இடையில்தான் ஐந்தாம் வகுப்புத் தாயெகோவும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் ரயில் பெட்டிக்குள் வருகிறார்கள். பெரியவள் அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்த்திசை ரயிலைப் பிடித்துத் திரும்புகிறாள். ஒரு வசனமும் கிடையாது, பாட்டு மட்டும்தான். அந்த இடத்தில் ரிமோட்டை அழுத்திவிட்டவர்களுக்கு, அவள் பழைய வாழ்க்கைக்கே போய்விட்டாள் என்றுதான் தெரியும். கதையே நேர்மாறாகிவிடுகிறது!

டோட்டோரோவிலும் அம்மா வீடு திரும்புவது பெயர்கள் ஓடும்போதுதான். கிக்கிக்கு அந்த ஊரில் வாழ்க்கை எப்படி அமைந்தது என்பதையும் அங்கேதான் காட்டுகிறார்கள். நீங்கள் கேட்ட இதம் மூன்று படங்களிலும் கடைசி இரண்டு மூன்று நிமிடங்களில் இருக்கிறது. ஓடிடி செட்டிங்கில் அடுத்தது தானாக ஓடுவதை நிறுத்திவைத்துவிட்டு உட்காருங்கள். ஓடுகிற பெயர்களையும் பாருங்கள், செல்லுலாய்டு தாளில் ஒவ்வொன்றாக வண்ணம் பூசியவர்கள் அவர்கள்.

அப்புறம், 2025 மார்ச்சில் ஊரே கல்யாணப் படத்தையும் குழந்தைப் படத்தையும் செயற்கை நுண்ணறிவில் போட்டு, ஜிப்லி பாணி என்று (மேலே சொன்ன மூன்று படங்களையும் எடுத்த ஸ்டூடியோவின் பெயர் ஜிப்லி) பகிர்ந்துகொண்டதே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. மியாசாகியின் 2013 படமான 'தி விண்ட் ரைஸஸ்'ஸில் கூட்டம் நகரும் காட்சி ஒன்று. ஓடுவது 4 நொடி. அதை வரைய எய்ஜி யமமோரிக்கு 1 வருடம் 3 மாதம் ஆனது. அந்த மனிதரின் பெயரும் கடைசியில் ஓடுகிற பெயர்களில்தான் இருக்கிறது. பாணியை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுவது அநியாயம். நம் வீட்டு விசேஷப் படத்தில் அதைச் செய்தாலும் அநியாயம்தான்.

மாமியாருக்கு: 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா'. அகழாய்வு பற்றிய ஆவணப்பட வேலைக்காக 1983-ல் இந்தியா வந்த ஜப்பானியர் யூகோ சாகோ, ராமாயணத்தில் மனதைப் பறிகொடுத்து, நம் நாட்டு அனிமேஷன் கலைஞர் ராம் மோகனோடு சேர்ந்து 1992-ல் முடித்த படம். இதுவும் கையால் வரைந்ததுதான். 2025 ஜனவரியில் தமிழ் டப்பிங்கோடும் தியேட்டர்களில் வெளியிட்டார்கள். சப்டைட்டில் படிக்கிற சிரமம் அவருக்கு வேண்டாம், தமிழிலேயே தேடிப் பிடித்துக் காட்டுங்கள். பிற்பாதியில் யுத்தம் வரும், அம்பும் சாவும் இருக்கும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டாலும் அவர் மூடமாட்டார், கதை அவருக்குத் தெரியும்.