ஏஐ தரும் வரைவை எப்படிச் சரிபார்ப்பது? – கேள்வி பதில்

கேள்வி: ஏஐ எழுதும் நிரல் பார்க்க நன்றாக இருக்கிறது. இணைத்த பிறகு எங்கோ உடைகிறது. ஏன்?

பதில்: கேட்கும் அளவைக் குறையுங்கள். ஒரே மூச்சில் 600 வரி வாங்கினால் யாரும் படிப்பதில்லை, அப்படியே இணைத்துவிடுகிறோம். ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரே வேலையைச் செய்யும் நிரல் துண்டு, மட்டும் கேளுங்கள். அதற்கு முன், அது சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்டுகளை நீங்களே எழுதிவிடுங்கள்: காலிப் பட்டியல், ஒரே ஓர் உறுப்பு, நெகட்டிவ் எண், பிப்ரவரி 29. டெஸ்டையும் ஏஐயிடமே விட்டால், நிரலில் உள்ள அதே தப்பான புரிதல் டெஸ்டிலும் ஏறிக்கொள்ளும். தப்பு இருந்தும் எல்லாம் தேறியதாகப் பச்சையாகத் தெரியும். தேறியதும், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியில் கமிட் செய்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போங்கள்.

ஏஐ சொல்லும் லைப்ரரியை (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பை) கண்ணை மூடிக்கொண்டு இன்ஸ்டால் செய்யாதீர்கள். இல்லாத பெயர்களையும் அது சொல்லும். அதே பெயரில் யாராவது தீங்கு நிரலை ஏற்றி வைத்திருக்கலாம். லைப்ரரிகள் கிடைக்கும் பைபிஐ (PyPI) அல்லது என்பிஎம் (npm) தளத்தில் அதன் பக்கத்தைத் திறந்து, பராமரிப்பவர் யார், முதல் வெளியீடு எப்போது என்று பார்த்த பிறகே தொடுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் ஏஐ மொழிபெயர்ப்பைத் தந்து, "திருத்தினால் போதும், பாதிக் கூலி" என்கிறார். ஏற்கலாமா?

பதில்: அளந்து பார்க்காமல் ஏற்காதீர்கள். அதே கோப்பில் 300 சொற்களைத் திருத்துங்கள். வேறு 300 சொற்களைப் புதிதாக மொழிபெயருங்கள். இரண்டுக்கும் ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாகச் செய்ய 60 நிமிடமும் திருத்த 45 நிமிடமும் ஆனால், பாதிக் கூலி உங்களுக்கு நஷ்டம். அந்தக் கணக்கையே காட்டி மணிக்கணக்கில் கூலி கேளுங்கள்.

திருத்தும்போது தமிழை முதலில் படிக்கக் கூடாது. வழவழவென்று ஓடும் வாக்கியம் கண்ணை ஏமாற்றிவிடும். மூல வாக்கியத்தைப் படித்துவிட்டுத் தமிழுக்கு வாருங்கள். எண்கள், விடுபட்ட வாக்கியங்கள், "கூடும்" "கூடாது" புரண்ட இடங்கள் ஆகியவற்றுக்குத் தனியே ஒரு சுற்று வேண்டும். மரியாதை வழக்கும் அடிக்கடி தடுமாறும்: ஒரு பத்தியில் "மருத்துவர் சொன்னார்", அடுத்ததில் அதே மருத்துவர் "சொன்னான்" ஆகிவிடுவார். துண்டு துண்டாக மொழிபெயர்க்கும்போது முந்தைய பகுதி ஏஐயின் முன்னால் இருப்பதில்லை என்பதுதான் காரணம். கலைச்சொல் பட்டியலையும் யாருக்கு எந்த விகுதி என்ற குறிப்பையும் ஒவ்வொரு துண்டோடும் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற ஏஐ கருவியைக் கொண்டு வீடியோவுக்கு வசன வரிகள் எழுதினால், யாருமே பேசாத இடத்தில் வாக்கியம் வருகிறதே?

பதில்: மௌனத்திலும் இசையிலும் அது எதையாவது இட்டு நிரப்பும். பேச்சுள்ள பகுதியை மட்டும் பிரித்தெடுக்கும் விஏடி கருவியை முதலில் ஓட்டுங்கள். விஸ்பர் 30 விநாடித் துண்டுகளாகக் கேட்கிறது. முந்தைய துண்டின் எழுத்தை அடுத்ததற்குக் கொடுக்கும் அமைப்பை அணைத்தால், ஒரே வரி திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் குறையும். ஆட்பெயர்களை மட்டும் காதால் கேட்டே சரிபாருங்கள்.

கேள்வி: ஏஐ வரைந்த படத்துக்குப் பதிப்புரிமை (copyright) கிடைக்குமா?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023இல் ஒரு சித்திரக்கதையில், மனிதர் எழுதிய உரைக்கும் படங்களை அடுக்கிய விதத்துக்கும் உரிமை தந்தது. மிட்ஜர்னி என்ற படம் வரையும் ஏஐ உருவாக்கிய தனிப் படங்களுக்குத் தரவில்லை. ஆகவே பென்சில் வரைவு, லேயர் கோப்பு, நீங்கள் கையால் மாற்றிய இடங்கள் எல்லாவற்றையும் தேதியோடு சேமியுங்கள். ஒப்பந்தத்தில் ஏஐ எங்கே பயன்பட்டது என்பதை மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

கேள்வி: இனிமேல் நிரல் எழுதக் கற்பது வீணா?

பதில்: இல்லை. படித்துத் தப்பைப் பிடிக்கத் தெரியாதவரிடம் ஏஐ கொடுப்பது எதுவும் பாதுகாப்பில்லை. பயிற்சியில் முதலில் நீங்களே எழுதி ஓட்டுங்கள். பிறகு, "எந்த உள்ளீட்டில் இது உடையும்?" என்று அதனிடம் கேளுங்கள். அது சொல்லும் உள்ளீட்டைக் கொடுத்து, உண்மையிலேயே உடைகிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.