கை ஆபரேஷனுக்குப் பிறகு குடம் எப்போது தூக்கலாம்?

கேள்வி: மணிக்கட்டில் நரம்பு அழுத்தத்துக்காக வலது கையில் ஆபரேஷன் ஆகி எட்டு நாள் ஆகிறது. தையல் பிரிக்கவில்லை. வீட்டுக்காரர் கடலுக்குப் போய்விடுவார். இரண்டு பிள்ளைகள், மாமியார், தண்ணீர்க் குடம், சூடைக் கருவாடு போடும் வேலை எல்லாம் என் தலையில்தான். பக்கத்து வீட்டு அக்கா, கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு அசைக்காமல் இரு என்கிறார். சரியா?
- வாசகி, பாம்பன்

பதில்: சரியில்லை. மணிக்கட்டின் குறுக்கே உள்ள நார்ப்பட்டையைத்தான் வெட்டி, அடியில் நசுங்கிய நரம்புக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். விரலை இழுக்கும் நார்களுக்கு எதுவும் ஆகவில்லை. விரலை அசைக்காவிட்டால்தான் வீக்கம் தங்கி விறைத்துப்போகும். கழுத்தில் தொங்கவிட்டால் தோளும் பிடித்துக்கொள்ளும். மணிக்கொரு தடவை விரல்களை முழுக்க நீட்டி மெதுவாக மடக்குங்கள், பத்து முறை. இறுக்கிப் பிடிக்க வேண்டாம். உட்காரும்போது கை தலையணை மேல், நெஞ்சு உயரத்துக்கு மேலே இருக்கட்டும். மோதிரம், வளையல் அந்தக் கையில் வேண்டாம்.

தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை ஈரம் கூடாது. குளிக்கும்போது பாலிதீன் பை கட்டினாலும் கையை மேலே தூக்கியே வையுங்கள். தொங்கவிட்டால் உள்ளே தண்ணீர் இறங்கும். கடல் தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் புண்ணில் படவே கூடாது. அதிலுள்ள சில கிருமிகள் சதையை வேகமாக அழிக்கும். சர்க்கரை நோய் இருந்தால் ஆபத்து அதிகம். தோல் முழுதாக மூடி, பொருக்கு உதிர்ந்த பிறகே கருவாட்டு வேலை, அதுவும் கையுறையோடு. கெளுத்தி முள், நண்டுக் கொடுக்குப் பக்கம் இன்னும் சில வாரம் போக வேண்டாம்.

சமையலில் கரண்டி பிடிக்கலாம், டம்ளர் எடுக்கலாம். சோறு வடிக்க வேண்டாம், அளவுத் தண்ணீர் வைத்துக் குக்கரில் பொங்குங்கள். விரல் நுனி இன்னும் மரத்திருந்தால் சூடு தெரியாமலே கொப்புளித்துவிடும். அருவாமனை, இடியாப்ப உரல், துணி பிழிதல் எல்லாம் ஆறு வாரம் கழித்து.

பதினைந்து லிட்டர் குடம் பதினைந்து கிலோ. நான்கிலிருந்து ஆறு வாரம் தூக்காதீர்கள். பிறகும் அரைக் குடத்தில் தொடங்குங்கள். குடத்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளலாமே என்றும் நினைக்க வேண்டாம். வண்டிப் பிடி அழுத்துவது உள்ளங்கையின் அடிமேட்டில். ஆபரேஷன் வலி மூன்று மாதம்வரைகூட நிற்பது அங்கேதான். தள்ளுவதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். தரையில் கை ஊன்றி எழுவதையும் தவிருங்கள்.

தையல் பிரித்துத் தழும்பு மூடியதும் தேங்காய் எண்ணெய் தொட்டு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை, தழும்பை அழுத்தித் தேயுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ராத்திரி மதமதப்பு சீக்கிரம் போகும். விரல் நுனி மரப்பு போக மாதக்கணக்கு ஆகலாம், பயப்பட வேண்டாம். சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு, நாளுக்கு நாள் ஏறும் வலி இருந்தால் வீட்டுக்காரர் கரை திரும்பும்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: கத்தி பட்டு அறுந்த விரல் நாரை என் கணவருக்குத் தைத்து இரண்டு வாரம். பந்து பிசைந்தால் பலம் வருமா?
- வாசகி, தொண்டி

பதில்: இப்போது பிசைந்தால் தைத்த நார் அறுந்துவிடும். முதல் சில வாரங்களில் அந்த இணைப்புக்கு வலு குறைவு. மேலே சொன்ன பயிற்சியும் இவருக்குப் பொருந்தாது. விரல் அசையாமல் இருக்கப் போட்ட தாங்கு அட்டையைத் (ஸ்பிளின்ட்) தூங்கும்போதும் கழற்றக் கூடாது, பெரும்பாலும் ஆறு வாரம்வரை. பிசியோதெரபிஸ்ட் காட்டிய அசைவு மட்டும் போதும். கயிறு, வலை இழுக்க சுமார் மூன்று மாதம் ஆகும், அதுவும் டாக்டர் சரி என்ற பிறகே. 'டப்' என்று விட்டதுபோல் இருந்து விரல் மடங்காமல் போனால் அன்றைக்கே தைத்த டாக்டரிடம் காட்டுங்கள். தள்ளிப்போட்டால் மறுபடி தைப்பதே கடினமாகிவிடும்.