பல்லுக்குப் பின்னால் ஒட்டிய கம்பி: எடுக்கலாமா, விட்டுவைக்கலாமா?

கேள்வி: கல்லூரி நாட்களில் கிளிப் போட்டிருந்தேன். அதைக் கழற்றியபோது கீழ் முன்பற்களின் உட்புறம் ஒட்டிய, பற்கள் மீண்டும் நகராமல் பிடித்துவைக்கும் ரீடெய்னர் கம்பி ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறது. பற்கள் இதற்குள் நிலைத்திருக்குமே, எடுத்துவிடலாமா டாக்டர்?

பதில்: என்னிடம் வருகிறவர்களில் பலரும் இதையே சொல்கிறார்கள், அதில் பாதிதான் உண்மை. பல்லை எலும்போடு பிணைக்கும் நார்கள் சில மாதங்களிலும், ஈறுக்குள் இருக்கும் மீள்நார்கள் ஏறக்குறைய ஓராண்டிலும் புதிய இடத்துக்குப் பழகிவிடுகின்றன என்பது சரிதான். ஆனால் கிளிப்பே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருக்கியடித்துக்கொள்கின்றன; ஐம்பதைக் கடந்த உறவினர் யாரையாவது கீழுதட்டை இழுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஆகவே, கம்பியை எடுத்தபின் இரவுதோறும் கழற்றி மாட்டும் ரீடெய்னரை நீங்கள் அணிவீர்களா என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். அணிவீர்கள் என்றால் எடுக்கலாம். இரண்டு மாதத்தில் அது அலமாரிக்குள் போய்விடும் என்று உங்களுக்கே தோன்றினால், கம்பி இருக்கட்டும்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேலிங் செய்தும் கம்பியைச் சுற்றிக் காறை படிகிறது, பல் துலக்கும்போது இரத்தம் வருகிறது.

பதில்: நாவின் அடியில் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் திறப்பதே அந்தப் பற்களுக்குப் பின்னால்தான் என்பதால், கம்பி இல்லாதவர்களுக்கும் அங்கே காறை விரைவாகப் படியும். கம்பி அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. பற்களின் இடுக்கில் நுழையும் சிறிய பிரஷை நாள்தோறும் கம்பிக்குக் கீழே செலுத்திச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு மூன்று மாதம் அப்படிச் செய்தும் இரத்தம் நிற்கவில்லை, ஈறு பல்லைவிட்டு விலகி ஆழமாகிறது என்று மருத்துவர் அளந்து சொன்னால், அப்போது எடுத்துவிடுவதே நல்லது.

கேள்வி: ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டுவிட்டது. வலி இல்லாததால் காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்காதீர்கள். மற்ற பற்கள் கட்டுண்டிருக்க, அந்த ஒன்று மட்டும் தன் போக்கில் நகரும். இதைவிட அரிதான, ஆனால் மோசமான நிலை ஒன்றும் உண்டு: ஒட்டு எதுவும் விடாமலே, முறுக்கிய கம்பி மெல்ல ஒரு பல்லைத் திருப்பி, அதன் வேரை ஈறுக்கு வெளியே தள்ளும். ஒரு பல் மட்டும் சாய்ந்து, அதன் முன்புற ஈறு இறங்கியிருந்தால் அந்தக் கம்பியை விட்டுவைக்கவே கூடாது.

கேள்வி: முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். கம்பி தடையா?

பதில்: பொதுவாகத் தடையில்லை. தலை, தாடைப் பகுதி என்றால் கம்பியைச் சுற்றிப் படம் சிதையலாம். எதற்கானாலும் ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எடுக்கும்போது வலிக்குமா? பல் எனாமல் போய்விடுமா?

பதில்: பெரும்பாலும் ஊசி தேவைப்படாது. ஒட்டுப் பசையைச் சிறு சுழலியால் தேய்த்து எடுப்பார்கள். நிதானமாகச் செய்தால் எனாமலுக்குச் சொல்லத்தக்க சேதம் இராது. பிறகு சில நாட்களுக்கு நாக்கு அந்தக் கம்பியைத் தேடிக்கொண்டே இருக்கும். நீங்கள் கேட்டுப் பெற வேண்டியது ஒன்று உண்டு: கம்பி வெளியே வந்த அதே அமர்வில் பல் அளவு எடுக்கச் சொல்லுங்கள், புதிய ரீடெய்னர் ஓரிரு நாளில் கைக்கு வந்துவிட வேண்டும். அதை வெந்நீரில் கழுவாதீர்கள், வளைந்துவிடும்.