ஸூமில் பைஅத் செல்லுமா?

கேள்வி: தூத்துக்குடியில் வசிக்கிறேன், வயது 36. மொராக்கோவைச் சேர்ந்த, ஷாதுலிய்யா தரீக்காவின் (சூஃபி வழியின்) ஷெய்கு ஒருவரின் பாடங்களை ஓராண்டாக யூடியூபில் கேட்டு வருகிறேன். அடுத்த மாதம் ஸூமில் பைஅத் (ஷெய்கின் வழியில் நடப்பதாகச் செய்யும் உறுதிமொழி) கொடுக்கிறார்களாம். வாட்ஸ்அப் குழுவில் வந்த படிவத்தில் என் பெயர், உம்மாவின் பெயர், புகைப்படம் கேட்கிறார்கள். 5,000 ரூபாய் ஹதியா (அன்பளிப்பு) அனுப்ப வேண்டுமாம். பைஅத் முடியும்வரை வீட்டில் சொல்ல வேண்டாம் என்கிறார் குழுவை நடத்துபவர். ஒன்பது வயதில் உம்மா என்னைக் காதிரிய்யா தரீக்காவின் ஷெய்கு ஒருவரிடம் அழைத்துப்போய் முரீது (சீடராகும் பைஅத்) வாங்கித் தந்தார், அந்த ஷெய்கு வஃபாத்தாகிவிட்டார் (இறந்துவிட்டார்). கை பிடிக்காமல் திரையில் கொடுக்கும் பைஅத் செல்லுமா? பழைய பைஅத் என்ன ஆகும்?

பதில்: அன்புச் சகோதரி, அஸ்ஸலாமு அலைக்கும்.

செல்லும். பைஅத்துக்கு உயிர் கொடுப்பது முரீது உறுதி சொல்வதும் ஷெய்கு அதை ஏற்பதும்தான். ஹுதைபிய்யாவில் (கி.பி. 628) சஹாபாக்கள் பைஅத் செய்தபோது உஸ்மான் (ரலி) மக்காவில் இருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் ஒரு கையை உஸ்மானின் கை என்று சொல்லி, மறு கையின் மேல் வைத்தார்கள். தகீஃப் குலத்தாரோடு வந்த தொழுநோயாளர் ஒருவருக்கு, ‘உம் பைஅத்தை ஏற்றோம், திரும்பிச் செல்லும்’ என்று சொல்லியனுப்பினார்கள். பெண்களிடம் எப்போதும் வாய்ச்சொல்லால்தான் பைஅத் வாங்கினார்கள். அந்நியப் பெண் எவருடைய கையையும் அவர்கள் கை தொட்டதில்லை என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆகவே கை பிடிக்காதது உங்களுக்கு ஒரு குறையே அல்ல. பின்னாளில் கடிதத்திலும் பைஅத் நடந்திருக்கிறது. மக்காவில் வாழ்ந்த சூஃபி ஷெய்கு ஹாஜி இம்தாதுல்லாஹ், இந்தியாவில் மாணவராக இருந்த அஷ்ரஃப் அலீ தானவியைக் கடிதம் வழியாகவே முரீதாக ஏற்றார்.

ஒன்றை மட்டும் விசாரியுங்கள். அன்று ஷெய்கு நேரலையில் இருப்பாரா, பழைய பதிவை ஓட்டுவார்களா? பதிவைப் பார்த்துத் திருப்பிச் சொன்னால், உங்களை ஏற்றுக்கொண்ட ஆள் யார்? அதை அந்த தரீக்கா ஏற்கிறதா என்பதை ஷெய்கிடமிருந்தோ அவருடைய முகத்தமிடமிருந்தோ (பிரதிநிதியிடமிருந்தோ) நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பைஅத்தைப் பற்றிக் கலங்க வேண்டாம். சிறுவயதில் பெரியவர்கள் வாங்கித் தருவது பரக்கத்துக்கான பைஅத், பைஅத் தபர்ருக். உங்களை அன்றாடம் வழிநடத்தித் திருத்த வாங்குவது தர்பிய்யத்துக்கான பைஅத். முதல் ஷெய்கு உயிரோடிருந்து உங்களை வழிநடத்திவந்தால், அவர் அனுமதியின்றி இன்னொருவரிடம் போவது அதபு (ஒழுக்கம்) அல்ல. அவர் வஃபாத்தானபின் தர்பிய்யத்துக்கு வேறு ஷெய்கைத் தேடுவதில் தடையில்லை. காதிரிய்யாத் தொடர்பும் அறுந்துபோகாது. அவருக்கு யாஸீன் ஓதி அதன் நன்மையை ஹதியா செய்வதை விட்டுவிடாதீர்கள். புதிய ஷெய்கிடமும் இதை மறைக்காமல் சொல்லுங்கள். பழைய விர்து (அன்றாடம் ஓதும் திக்ரு) ஏதேனும் ஓதிவந்தால் அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். இரண்டு தரீக்காக்களின் விர்தையும் சேர்த்து ஓதத் தொடங்கி, சுமை தாங்காமல் மூன்றாம் மாதமே இரண்டையும் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம்.

இனி அந்தப் படிவம். அதை நிரப்ப வேண்டாம். பைஅத்துக்கு உம்மாவின் பெயர் எதற்கு? இஸ்ம் (பெயர்) கணக்குப் பார்த்து தாயத்து எழுதுகிறவர்கள் கேட்பது அது. புகைப்படமும் தேவையில்லை. ஹதியா என்பது கொடுப்பவர் மனமுவந்து தருவது. தொகை குறித்துவிட்டால் அது கட்டணம். பைஅத்துக்குக் கட்டணம் கிடையாது. ‘வீட்டில் சொல்லாதே’ என்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஷெய்கு நல்லவராகவே இருக்கலாம். அவர் பெயரில் யாரோ குழு நடத்திக்கொண்டிருக்கலாம். அவருடைய அதிகாரபூர்வ பக்கத்தில் உள்ள தொடர்பு வழியாக, இந்தப் படிவம் உங்களுடையதா என்று இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். உங்கள் வீட்டாரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

ஷெய்கைப் பற்றி விசாரிக்க நம் உலமாக்கள் நான்கு அளவுகோல் சொல்வார்கள்: அகீதா (நம்பிக்கைக் கொள்கை) சரியாக இருக்க வேண்டும், தேவையான சட்டத்தைக் கிதாபிலிருந்து எடுக்கும் இல்மு வேண்டும், வெளிப்படையாகப் பாவம் செய்பவராக இருக்கக் கூடாது, ஸில்ஸிலா (ஷெய்குகளின் வரிசை) அறுபடாமல் நபி (ஸல்) வரை போக வேண்டும். ஸில்ஸிலாவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இமாம் அபுல் ஹசன் ஷாதுலி (வஃபாத் 1258), அலெக்சாந்திரியாவின் அபுல் அப்பாஸ் முர்ஸி, கெய்ரோவின் இப்னு அதாஇல்லாஹ் (வஃபாத் 1309) போன்ற பெரிய பெயர்கள் பெரும்பாலான பட்டியல்களில் இருக்கும். பார்க்க வேண்டியது கடைசி மூன்று பெயர்கள். இவருக்கு இஜாஸத் (அனுமதி) கொடுத்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு வஃபாத்? அவருடைய மற்ற முரீதுகள் இவரை ஏற்கிறார்களா? இஜாஸத் எதற்குக் கொடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். ஹிஸ்புல் பஹ்ரு என்ற துஆவை ஓத இஜாஸத் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அது முரீது கொடுக்கும் இஜாஸத் ஆகிவிடாது. கிலாஃபத் (ஷெய்கின் பிரதிநிதியாகும் உரிமை) என்றோ தர்பிய்யத் என்றோ தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் உங்களுக்காகக் கவலைப்படுவது வேறொன்றுக்காக. ஓராண்டாக அவரை நீங்கள் அறிவீர்கள். உங்களை அவர் அறியமாட்டார். பைஅத்துக்கு முன்பே உங்கள் தொழுகை, கோபம், தூக்கம் பற்றிய ஒரு உண்மையான கேள்வியை அனுப்பிப் பாருங்கள். பதில் யாரிடமிருந்து, எந்த மொழியில், எத்தனை நாளில் வருகிறது என்று கவனியுங்கள். எல்லாருக்கும் போகும் ஒரே வாய்ஸ் மெசேஜ் வந்தால் அங்கே பரக்கத் கிடைக்கலாம், தர்பிய்யத் கிடைக்காது. ஷெய்குக்கு நேரமில்லை என்றால் தவறில்லை. உங்களோடு பேசக்கூடிய ஒரு முகத்தம், முடிந்தால் ஒரு பெண், இருக்க வேண்டும். ஷாதுலிய்யாவின் ஃபாஸிய்யாக் கிளை உங்களுக்குப் பக்கத்திலேயே காயல்பட்டினத்தில் இருக்கிறது. அங்கே பெண்களுக்கு என்ன வழி இருக்கிறது என்றும் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இஸ்திஃபார் 100, ஸலவாத் 100, லாஇலாஹ இல்லல்லாஹ் 100 என்று சுபுஹுக்குப் பின்னும் மஃரிபுக்குப் பின்னும் ஓதுங்கள். ஷாதுலிய்யாவின் பல கிளைகளில் அடிப்படை விர்து இந்த வடிவில்தான் இருக்கும்; இதற்கு யாருடைய இஜாஸத்தும் வேண்டாம். நாற்பது நாள் விடாமல் ஓத முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் பைஅத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. ஒற்றை இஸ்மை (அல்லாஹ்வின் திருநாமத்தை) ஆயிரக்கணக்கில் ஓதும் வேலையை மட்டும் இணையத்தில் பார்த்துத் தொடங்க வேண்டாம். தூக்கம் கெட்டு மனம் பதறும்போது, தொலைவில் இருக்கும் ஷெய்கு உங்கள் முகத்தைப் பார்த்து ‘நிறுத்து’ என்று சொல்ல முடியாது.

விசாரணை திருப்தியாகி, இஸ்திகாராவும் (அல்லாஹ்விடம் நல்ல முடிவை வேண்டும் தொழுகை) செய்து, நாள் குறித்துவிட்டால்: உளூ செய்து இரண்டு ரக்அத் தொழுங்கள். கேமரா போட வேண்டிய அவசியமில்லை. மைக்கை மூடியே வையுங்கள். ஒவ்வொருவர் இணைப்பிலும் குரல் சற்றுத் தாமதமாக வரும். எல்லாரும் மைக்கைத் திறந்தால் ஷெய்கின் வார்த்தையே கேட்காது. பெரும்பாலும் தவ்பா, குர்ஆனின் 48:10 வசனம், கலிமா, ஏற்பு, துஆ என்ற வரிசையில் போகும். துண்டு துண்டாகச் சொல்வார். உங்கள் காதுக்குக் கேட்கும் அளவுக்கு வாயால் திருப்பிச் சொல்லுங்கள், மனதுக்குள் சொன்னால் போதாது. நடுவில் இணைப்பு அறுந்தால் பிறகு முகத்தமிடம் சொல்லி, விட்ட இடத்தைச் சொல்லிக்கொள்ளுங்கள். கொடுக்கும் விர்தை எண்ணிக்கையோடு அன்றே எழுதி வையுங்கள்.

விர்தில் குர்ஆன் வசனம் இருந்தால் மாதவிடாய் நாட்களில் என்ன செய்வது என்று உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். மொராக்கோவில் மாலிகி மத்ஹபு. அந்த நாட்களில் பெண் மனப்பாடமாக ஓத அங்கே அனுமதி உண்டு. ஷாஃபிஈயில் ஓதும் நிய்யத்தில் ஓதக் கூடாது, திக்ருடைய நிய்யத்தில் ஓதலாம். தரீக்கா மாறினாலும் உங்கள் மத்ஹபு மாறாது.

வகுப்பு நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே இரவு 9 மணி என்றால் நமக்கு 1.30, ரமளானில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைப்பதால் 2.30 ஆகிவிடும். சுபுஹு தவறும் என்று தோன்றினால், மறுநாள் பதிவைக் கேட்டுக்கொள்ள இப்போதே அனுமதி வாங்கிவிடுங்கள்.